பின்சீட்டுக்கு ஆள் கேட்ட வண்டி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் இசக்கிசெல்வியின் முழங்கையில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். அவள் இயற்பியல் படித்தவள். வாய் அதிகம் திறக்காதவள். கதை கட்டுகிற சுபாவம் அவளுக்கு இல்லை.

2011, சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அவளும் அண்ணன் வேல்ராஜும் படப்பையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவளுடையது ஒப்பந்த வேலை. அந்த மாதத்தோடு முடிந்துவிடும். நல்லவேளையாக, சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனி பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் இண்டர்வியூ. அது தவறினால் அவள் ஊருக்குத்தான் போகவேண்டும். ஊரில் தாய்மாமன் மகன் தாலியோடு காத்திருந்தான். குடித்துவிட்டால் கையில் அகப்பட்டதை எடுத்து அடிக்கிறவன்.

வேல்ராஜ் பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தான். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவருடையது. புரோக்கர் வழியாக வந்தது. பார்க்கப் பளபளவென்றிருக்கும். ஸ்டார்ட் மட்டும் ஆகாது. சோக் போட்டு உதைத்து உதைத்து அவனுக்குக் கணுக்கால் வீங்கிவிடும். கடைசியில் ஒரு உறுமல் கேட்கும். ஆக்சிலேட்டரை விட்டால்... டுப்... டுப்... நின்றுவிடும். முறுக்கிக்கொண்டே இருக்காவிட்டால் எஞ்சின் ஓடாது.

மெக்கானிக் ஜெபக்குமார் பிளக்கை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். திருகை ஏற்றினார், இறக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பாரம் ஏற்றிப் பார்க்கலாம் என்று இசக்கிசெல்வியைப் பின்னால் உட்காரச் சொன்னார். வண்டி சீராக ஓடியது. அவள் இறங்கினாள். நின்றது. ஏறினாள். ஓடியது.

"இன்னாபா, பின்னாடி ஆள் இருந்தாத்தான் ஓடுவேன்னுது," என்றார் ஜெபக்குமார். "சீக்கிரம் ஒரு பொண்ணைக் கட்டிக்க. வண்டி தானா ரெடியாயிடும்."

வேல்ராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பாரம் ஏறினால் வண்டி பின்பக்கம் சாய்கிறது, கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டம் மாறுகிறது, அதனால் ஓடுகிறது என்று அண்ணனுக்கு விளக்கினாள். நிரூபிப்பதற்காக, பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு சிமெண்ட் மூட்டையைக் கேட்டு வாங்கிப் பின்சீட்டில் கட்டச் சொன்னாள். அது அவளுடைய எடைக்கு மேலேயே இருக்கும்.

டுப்... டுப்... நின்றது.

அவள் மூட்டையை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. சான்றிதழ்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கி வந்தபோது, வேல்ராஜ் வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பல். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"பாத்தியாட்டி, ஒத்த ஒதைதான். நிக்காம எப்படி ஓடுது பாரு."

பின்சீட்டில் ஆள் இல்லை. ஆனால் பின்சக்கரத்து ஸ்பிரிங் அழுந்தியிருந்தது. இடதுபக்கத்து ஃபுட் ரெஸ்ட் மட்டும் விரிந்திருந்தது. புடவை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து கால் வைக்கிற பக்கம் அது.

நேரம் இல்லை. அவள் இருபக்கமும் கால் போட்டு ஏறினாள். வெயிலில் கிடந்த சீட்டு, தொட்டால் கை பொத்துப்போக வேண்டும். அவள் உட்கார்ந்த இடம் சுட்டது. அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

ஒரகடம் தாண்டியது. ரோடு காலியாக இருந்தது. கானல் நீர் தளதளத்தது. ஒரு வேகத்தடையில் அவன் பிரேக் பிடித்தான். அப்படிப் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சரிய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாடம் அது. அவள் சரியவில்லை. நடுவில் ஏதோ அவளைத் தடுத்தது.

கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காரும்படி அண்ணனிடம் சொன்னாள். நமக்கு நடுவில்தான் அவ்வளவு இடம் கிடக்கிறதே என்றான் அவன். சற்று நேரம் கழித்து அவனே சொன்னான்.

"தோளை இப்படி இறுக்காதட்டி. நகம் குத்துது."

அவளுடைய இரண்டு கைகளும் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்தன.

அவள் கத்தினாள். எதிர்க்காற்று சத்தத்தைப் பின்னால் அடித்துக்கொண்டு போனது.

பிறகு அது தள்ளத் தொடங்கியது. அவசரமே இல்லாமல்... பஸ்ஸில் நம் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டால் இடுப்பால் நெட்டித் தள்ளுவோமே, அப்படி.

ஒரு விரற்கடை.

இன்னும் ஒன்று.

கம்பி அவள் முதுகில் குத்தியது. பின்னால் கன்டெய்னர் லாரியின் ஹாரன். நீளமாக... மிக அருகில்...

கம்பியிலிருந்து அவள் விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

விழுந்தாள்.

முழங்கை தாரில் தேய்ந்தது. உருண்டாள். லாரியின் சக்கரங்கள் தலைமாட்டில் போயின.

வண்டி நிற்கவில்லை.

மண்ணில் கிடந்தபடியே பார்த்தாள். வேல்ராஜ் போய்க்கொண்டிருந்தான். தலையை லேசாகத் திருப்பி, பின்னால் இருப்பவரிடம் ஏதோ பேசிக்கொண்டே போனான்.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அவளை ஏற்றிக்கொண்டார். கம்பெனி கேட்டில் வேல்ராஜ் வெளிறிப்போய் நின்றிருந்தான். இறங்கு என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தானாம். வழியில் பாரம் குறையவே இல்லை என்றான். பேசியதற்கெல்லாம் 'ம்' கேட்டதாம். அவன் தோளில் நான்கு நகக்குறிகள் இருந்தன. வண்டி தானாக அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை.

ரத்தம் தோய்ந்த துப்பட்டாவை முழங்கையில் சுற்றிக்கொண்டே அவள் இண்டர்வியூவுக்குப் போனாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். இனி ஊருக்குப் போகவேண்டியதில்லை. அன்று இரவு அண்ணனும் தங்கையும் விளக்கை அணைக்காமலே படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, விற்ற சாலமோன் வீட்டைத் தேடிப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. வாசலில் பிரிக்காத பந்தல். பக்கத்து வீட்டு அன்னபுஷ்பம் அம்மாள் வண்டியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாலமோனின் மனைவி பெனிட்டா இந்த வண்டியிலிருந்துதான் விழுந்தாள் என்றார். முந்தானை சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. அவள் விழுந்ததைக் கவனிக்காமல் சாலமோன் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்காகத்தான் வண்டியை விற்றாராம்.

"அப்ப அவங்க உசுரோட இருந்தாங்களா?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

"இருந்திச்சிம்மா. நெனவுதான் இல்ல. மிஷின்லதான் மூச்சு. நடுவுல டாக்டருங்கோ மிஷின நிறுத்திப் பாப்பாங்க. தானா ரெண்டு மூச்சு இழுக்கும். அப்பால நின்னுபூடும். மறுபடி மிஷின் போடுவாங்க. ஒரு மாசமா இதே கததான்."

வேல்ராஜ் குட்டியானையின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்ப தவறிட்டாங்க?" என்றாள் அவள்.

"முந்தாநேத்து, வெள்ளிக்கெழம. உச்சி வெயில்ல."