அவள் தட்ட வேண்டிய கை

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடும்ப இசை விழா நடத்தினார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளைக் கொண்டாடுகிறார்களாம். வாசல் பேனரில் சிறப்பு விருந்தினரின் முகம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கொண்டாடப்பட வேண்டிய பிள்ளைகளின் முகங்கள் கீழே ஓரமாக, ரேஷன் கார்டு போட்டோ போல. அதைப் பார்த்தவுடனே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஆலத்தியூரிலிருந்து பஸ் மாறி வந்தாகிவிட்டது. என் கணவர் சிமெண்ட் ஆலையில் லீவு சொல்லியிருந்தார். மகள் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். உள்ளே போனோம்.

மகளுக்குப் பேச்சு வராது. இடது கை விறைத்தே இருக்கும். வலது கையை அதனிடம் கொண்டுபோய்த் தட்ட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் காத்திருப்பதுதான் எங்கள் வீட்டுப் பாட்டு. நான் திருமானூர்ப் பக்கம் வளர்ந்தவள். நடவு வயலில் ஒருத்தி கேள்வியைப் பாட, இன்னொருத்தி பதிலைப் பாடிக் கிண்டல் செய்வதைக் கேட்டிருக்கிறேன். அதே மாதிரி நான் மகளைக் கேட்பேன். "டப்பாவத் தொறந்து முறுக்கத் தின்னது யாரு?" அவர் பிளாஸ்டிக் குடத்தில் போடும் தாளத்தை நிறுத்துவார். வீடே நிற்கும். அவள் தட்டுவாள். நான்தான் என்று அர்த்தம். எத்தனையோ சொற்கள் அவளுக்கு வராது. இந்த ஒன்றை மட்டும் கையால் சொல்கிறாள்.

மேடை ஏறுவதற்கு முன்பே ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னார்கள். நெஞ்சில் பேட்ஜ் குத்திய அமைப்பாளர் ஒருவன் முகத்தைச் சுளித்தான்.

"நடுவுல கேப் விழுதேக்கா. கீபோர்டு விட்டு நிரப்பிக்கலாமா?"

"அது கேப் இல்ல தம்பி. அது எம்மவ."

"ஆடியன்ஸுக்குப் புரியாதேக்கா."

"புரியலன்னா சும்மா உக்காந்திருக்கச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே, "தெய்வக் குழந்தைக்கா இது" என்று மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனான். இந்தத் தெய்வக் குழந்தைப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் இவள் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வருகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். தெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார என்ன கூச்சமோ.

மேடையில் அறிவிப்பாளர் அம்மா ஒருத்தி இருந்தாள். எந்தப் பிள்ளை ஏறினாலும், "எல்லாரும் ஜோரா ஒருதரம் கை தட்டுங்க" என்பாள். ஒரு பையன் இருமினான். அதற்கும் தட்டினார்கள். எங்கள் முறை வருவதற்குள் மண்டபம் நன்றாகப் பழகிவிட்டது.

"முறுக்கத் தின்னது யாரு?" என்று பாடி நிறுத்தினேன். குடம் நின்றது. மகளின் கை கிளம்பிப் பாதி வழியில் இருந்தது. மண்டபமே தட்டியது. பாட்டு முடிந்தது என்று நினைத்தார்களோ, பாவம், பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்தார்களோ. முறுக்குத் தின்றது நாங்கள்தான் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. அவள் கை அப்படியே நின்றது. தன் பதிலை யார் சொன்னது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அடுத்த அடியிலும் அதுவே. இந்த முறை கையை மடியில் போட்டுவிட்டாள்.

"மூஞ்சப் பாரு. இனிமே தட்ட மாட்டா" என்றார் அவர். "வா, வூட்டுக்குப் போயிடலாம்."

தனக்குப் பதில் ஊரே சொல்லிவிடும் என்று இவள் நினைத்துவிட்டால் வீட்டிலும் தட்ட மாட்டாள். இருக்கிற ஒரு சொல்லும் போய்விடும். மைக்கைக் கையில் எடுத்தேன்.

"யாரும் கை தட்டாதீங்க. நாங்க கேக்கறது உங்கள இல்ல. இவள."

"அம்மா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, அவங்களுக்காக எல்லாரும் ஒருதரம்..." என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தாள்.

"ஒங்களையுந்தாங்க சொல்றேன்."

மறுபடி பாடினேன். நிறுத்தினேன். சிறப்பு விருந்தினர் செல்போனை எடுத்துப் பார்த்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் தட்டத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மகள் மண்டபத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வலது கை எழுந்தது, இடது கையைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது. தட்டினாள். மைக்கில்கூட விழாத சத்தம். ஒருவரும் அசையவில்லை. அன்றைக்கு அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கிளம்பும்போது ஒரு டிபன் டப்பா கொடுத்தார்கள். மூடியில் அதே பூசணிக்காய் முகம். வீட்டுக்கு வந்ததும் கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். மூக்கு மட்டும் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும் என்று முறுக்கைப் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் டப்பா திறந்து கிடந்தது. "யாரு?" என்று பாடினேன். அவர் விளையாட்டுக்குத் தன் இரண்டு கையையும் தூக்கினார். மகள் அவரை முறைத்த முறைப்பில் கையை இறக்கிக்கொண்டார். பிறகு, அவசரமே இல்லாமல், அவள் தட்டினாள்.