ஏவனின் சீலும் நான்கு பெட்டிகளும்

வடகோடிப் பனிப் பிரதேசத்து ஆற்றங்கரை ஊரான பெத்தேலின் விமானத் திடலில், கடலோர ஊர்களுக்குப் போகும் சின்ன விமானங்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள் ஏவன் நான்கு பெட்டிகளை இழுத்து வந்து போட்டபோது காலை மணி பத்து. மூன்று நாள் மூடுபனி அன்றைக்குத்தான் விலகியிருந்தது. பத்தரைக்கு விமானம். மறுநாள் மதியம் அவன் வீட்டில் சீல் விருந்து. அதற்கு வேண்டிய சாமான் முழுக்க அந்த நான்கு பெட்டிகளில்தான் இருந்தது.

இலை போட்டுச் சாப்பிடுகிற விருந்தில்லை இது. ஒருவன் முதல்முதலாக சீல் என்கிற கடல்நாயைப் பிடித்தால், அவன் வீட்டுப் பெண்பிள்ளை கறியையும் கொழுப்பையும் ஊர்ப் பெண்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று சாமான்களை அவர்கள் பக்கம் வீசுவாள். துணி, சாக்ஸ், சீனி, டீ, சோப்பு, வாளி என்று எல்லாம் பறக்கும். சொந்தக்காரிகளுக்குக் கிடையாது. மற்றவர்கள் முட்டி மோதிப் பிடித்துக்கொள்வார்கள்.

மற்ற வீடுகளில் பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நடக்கும் காரியம் இது. ஏவனுக்கு வயது ஐம்பத்திரண்டு.

அவன் மேலாற்றுக்காரன், கடலுக்குத் தொலைவில் பிறந்தவன். சால்மன் வலையும் மூஸ் மான் வேட்டையும் கைவந்தவன். இருபத்தைந்து வயதில் ஒலிங்காவைக் கட்டிக்கொண்டு கடலோரம் வந்தான். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் மச்சினன்மாரோடு பனிக்கட்டிகளுக்கு நடுவே படகில் போவான். சுட்டால் குறி தவறும். தவறாமல் பட்டாலும், ஈட்டி எறிவதற்குள் சீல் முழுகிப்போகும். இருபத்தேழு வருஷம் இதே கதைதான். ஊரில் அவனுக்கு ‘மேலாத்தான்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

போன வாரம் தாடி சீல் என்கிற பெரிய வகை சீல் ஒன்று செத்தது. அதிலும் ஒரு வில்லங்கம். இரண்டு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. ஒன்று ஏவனுடையது, மற்றது மூத்த மச்சினனுடையது. “உன் குண்டுதான்” என்று மச்சினன் சத்தியம் செய்தான். பெருந்தன்மையாகச் சொல்கிறானா, உண்மையைத்தான் சொல்கிறானா என்று ஏவனுக்குப் பிடிபடவில்லை. ஒலிங்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. விருந்து நடந்துவிட்டால் சீல் ஏவனுடையது, அவ்வளவுதான் என்றாள். கறி தாங்காது, சீக்கிரமே நடக்க வேண்டும் என்றும் சொல்லி, மூடுபனிக்கு முன்பே சாமான் வாங்கி வர அவனைப் பெத்தேலுக்கு விரட்டிவிட்டாள்.

கொட்டகையில் எடை போடுகிறவன் வாஸ்கா. ஏவனுக்குத் தாய்மாமன் மகன். வாயைத் திறந்தாலே கேலிதான்.

“என்ன மச்சான், கடையைப் பேத்துக் கொண்டாந்துட்டியா?”

“தராசுல ஏத்துடா. நேத்து போன்ல இருநூத்தி முப்பது பவுண்டுன்னு நீதானே சொன்ன? கடையிலயே போட்டுப் பாத்துட்டேன், இருநூத்திப் பன்னெண்டு. வம்பே இல்ல.”

வாஸ்கா நான்கையும் ஏற்றிக் குறித்துக்கொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டு சரியாகவே இருந்தது. பிறகு நிமிர்ந்து, “நீ எவ்வளவு?” என்றான்.

“நான் எதுக்கு?”

“நீ நடந்தா போகப்போற? இருநூத்தி முப்பதுங்கிறது ஆளும் சாமானும் சேத்துடா.”

ஏவன் பழைய பயணங்களை நினைத்துப் பார்த்தான். இதற்கு முன்பெல்லாம் இப்படியா இருந்தது? பையைத் தனியாகத்தானே போட்டார்கள்? ஆளைக் கேட்பார்கள், நூற்றெழுபது என்பான், எழுதிக்கொள்வார்கள். இரண்டையும் யாராவது கூட்டிப் பார்த்தார்களா என்று அவன் யோசித்ததே இல்லை.

“மூணு நாள் தபால் மூட்டை தேங்கிக் கெடக்கு. அங்க மறுபடி மூடிக்கிச்சுன்னா திரும்பி வரணும், அதுக்கும் எண்ணெய் ஊத்தியிருக்கு. சொல்லு, நீ எவ்வளவு?”

“நூத்தெழுபது.”

“எந்த வருஷத்துல?”

“எப்பவும் அதான்.”

“ஏறு. பூட்ஸோட ஏறு.”

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“எங்க அத்தை கையால சாப்புட்டப்போ நூத்தெழுபது. மிச்ச இருபத்தெட்டும் ஒலிங்கா போட்டது” என்றான் வாஸ்கா. “மொத்தம் நானூத்திப் பத்து. நூத்தியெண்பது எறக்கணும்.”

“அதிகப்படிக்கு என்ன உண்டோ கட்டிடறேன்டா.”

“காசு கட்டினா றெக்கை நீளுமா மச்சான்?”

சுவரோரப் பெஞ்சில் அகத்தா உட்கார்ந்திருந்தாள். ஏவன் ஊர்தான், சொந்தமில்லை, அறுபது வயது, ஒல்லி உடம்பு. அதே விமானத்துக்கு ஒரே ஒரு துணிப்பையோடு காத்திருந்தாள்.

“ஏம்ப்பா, எம் பேருல கொஞ்சம் போட்டுக்கயேன். நாளைக்கு எம்மேல வீசப்போறதுதானே. இப்பவே குடுத்துட்டா எனக்கும் முட்டி மோத வேணாம்.”

“அது எப்படிப் பெரியம்மா? இப்பவே உங்க கையில குடுத்தா அது வீசினதா ஆகுமா? திருப்பிக் குடுத்துட்டு மறுபடி...” என்றான் ஏவன்.

“எம் பேரு, உம் பேரு எல்லாம் காகிதத்துல” என்றான் வாஸ்கா. “அந்தம்மாவையும் சேத்துக் கழிச்சுத்தான் உனக்கு இருநூத்தி முப்பது வந்துச்சு. தூக்கறது ஒரே இன்ஜின்.”

ஏவன் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தான். சீனிப் பைகளை வெளியே வைத்தான், சோப்புத்தூளை வைத்தான். சீனி இல்லாத விருந்தா என்று அதை மறுபடி உள்ளே போட்டு, துண்டுகளை எடுத்தான். துண்டு கனமே இல்லை. காபி டின்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிங்காவுக்கு போன் போட்டான்.

“டின் காபியா? டின்னை வீசினா மண்டை உடையும்யா! பை காபின்னுதானே எழுதிக் குடுத்தேன்?”

“பை இல்ல. அதை விடு, எதை எடுக்கட்டும் சொல்லு.”

“சோப்பை எடு. இரு, எடுக்காத. வர்றவங்க நாப்பத்தி மூணு பேரு. பாதிப் பேருக்கு வீசிட்டு மீதிப் பேரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? மேலாத்தான் சீலுக்கு மேலாத்தான் விருந்துன்னு சாகற வரைக்கும் சொல்லுவாளுக.”

“அப்ப நாலு நாள் தள்ளிப் போடலாமா?”

“கறிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

விமானி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தரையெங்கும் சாக்ஸ், குவளை, வாளி, நடுவில் ஏவன். “பத்து நிமிஷம். மதியம் கடலோரம் மறுபடி மூடுது” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அகத்தா மெதுவாகக் கேட்டாள். “நாளைக்கு மதியம் நீ எங்கப்பா இருப்ப?”

“வீட்டுக்குள்ள.”

“வாசலுக்கு வருவியா?”

“பொம்பளைங்க காரியத்துல எனக்கு என்ன வேலை?”

“அப்ப அங்க உனக்கு என்னதான் வேலை?”

வாஸ்கா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான்.

“நீ ஏறலைன்னா பெட்டி நாலும் போயிடும் மச்சான். பதினெட்டு பவுண்டு எடமும் மிஞ்சுது. உன் கால் ஒண்ணை வேணா அனுப்பலாம்.”

கொட்டகை சிரித்தது. ஏவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்து அவனுக்கு, ஆனால் விருந்தில் தேவைப்படாத ஒரே ஆளும் அவன்தான். இது நியாயமா, அநியாயமா? இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் வீட்டில் அந்தச் சத்தத்தைத் தெருவிலிருந்து கேட்டிருக்கிறான். ஒரு தடவை உள்ளேயிருந்து, தன் சுவர் வழியாகக் கேட்க வேண்டும் என்றுதான் ஆசை. வேறொன்றுமில்லை. முப்பத்திரண்டு பவுண்டு சாமானோடு அவனே போகலாம். போனால் நாற்பத்து மூன்று பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். சீல் யாருடையது என்ற பேச்சு திரும்பவும் கிளம்பும்.

சீனியை உள்ளே போட்டான். சோப்பு, துண்டு, டின் எல்லாவற்றையும் போட்டு, நான்கு பெட்டிக்கும் டேப் சுற்றினான்.

“பெரியம்மா, டின்னை மட்டும் உருட்டிவிடச் சொல்லுங்க. வீச வேணாம்னு சொல்லுங்க.”

“சொல்றேன். ஆனா முதல் டின் எனக்குத்தான்.”

விமானம் தபாலோடும் அகத்தாவோடும் நான்கு பெட்டியோடும் எழும்பிப் போனது. ஏவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தான். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் தோன்றியது. முழு முட்டாள்தனம் என்று மறுபக்கம் தோன்றியது.

“வா, வீட்டுல மீன் சூப் இருக்கு” என்றான் வாஸ்கா.

மதியம் வாஸ்கா வீட்டில், சூப் ஆறுவதற்குள் ஒலிங்கா கூப்பிட்டாள்.

“பொட்டி வந்துச்சு. நீ எங்கய்யா?”

“இங்கதான். எடம் பத்தல.”

அவள் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

“ஏய் ஒலிங்கா, சுட்டது நான்தானா?”

“நாளைக்கு இதைப் பூரா வீசினதுக்கு அப்புறம் அதைக் கேக்க எவனுக்கும் வாய் வராது. உனக்கும்தான். சூப்பைக் குடி.”

அவன் போனை வைத்துவிட்டு, அது பதிலா இல்லையா என்று யோசித்தபடியே கரண்டியை எடுத்தான்.