பழைய பேருக்குத் திரும்பாதே

"கார்த்திகேசு!" என்று பின்னாலிருந்து கத்துகிறார் நல்லம்மாள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனிதர் "இருக்கேங்க!" என்று எழுந்தே நின்றுவிடுகிறார். தலையில் அகப்பைக் காம்பால் ஒரு தட்டு விழுகிறது.

"அண்ணே, ஒங்க பேரு இப்ப ராஜு லா! எத்தன வாட்டி சொல்றது?"

சிலிபின் ஊர் நிவாரணக் கொட்டகையில் தினமும் இந்தக் கூத்துதான். பீடோர்ப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நல்லம்மாள் இப்போது அகதிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். நாற்பது வயது, ஆட்டுக்கல் போன்ற உடம்பு, தெருமுனைவரை எட்டும் குரல். உப்பு பார்ப்பதாகச் சொல்லி நாலு தரம் கஞ்சியை நக்குவார். கேட்டால், "மொத தடவ சரியா தெரியலலா" என்பார்.

கொட்டகைக்கு அனுமதி தந்தது ஜப்பான் ராணுவம். கட்டாய வேலைக்குக் கொண்டுபோன சயாம் ரயில் பாதையிலிருந்து தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வதும் அதே ராணுவம். அவர்கள் காட்டுக்குள் இருக்கும் கொரில்லாப் படையோடு சேர்ந்துவிடுவார்களாம், நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடுமாம். புண் காலை இழுத்துக்கொண்டு நடப்பவர்களா! பதிவேடு எழுதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லம்மாளோ வருகிறவர்களுக்கெல்லாம் புதுப் பேர் வைத்துவிடுகிறார்.

பேரை மாற்றினால் போதுமா? தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. பேர் கூப்பிட்டதும் குரல் கொடுக்காதவனுக்கு அன்று வேலை கிடையாது. இருபது வருஷமாக நாக்கில் ஊறிய பழக்கம். அதை மறக்கடிக்கத்தான் இந்தப் பயிற்சி.

நேற்றுக் காலை வந்தே விட்டார்கள்! ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், பட்டியலோடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, அசல் பெரட்டுக் குரலில் வாசித்தார் அவர்.

"ஜெயபாலன்!"

சத்தமில்லை.

"பத்துமலை!"

ஒரு தலைகூட அசையவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"கார்த்திகேசு!"

அவர் வாய் திறந்துவிட்டது! சயாமுக்கே திரும்பப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

நல்லம்மாள் கொதிக்கும் சட்டிக்குள் வெறுங்கையை விட்டு மரவள்ளிக்கிழங்கு ஒன்றை எடுத்தார். திறந்த வாய்க்குள் அப்படியே திணித்தார்.

"தின்னுங்க ராஜுண்ணே! நேத்துலேர்ந்து ஒண்ணுமே திங்கல நீங்க!"

கண்ணில் நீர் வழிய அவர் மென்றார். அதிகாரி திரும்பி நல்லம்மாளையே பார்த்தார். நல்லம்மாளோ வெந்த விரல்களை உதறக்கூட இல்லை. மறுபடியும் சட்டிக்குள் கையை விட்டு, அடுத்த கிழங்கை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர் வாயருகே நீட்டினார்.