தேங்காய் அறுவடை

எங்கள் ஊரில் கூலித் தகராறு முற்றி, அப்பா வெளியூர் ஆட்களை இறக்கி நெல்லை அறுத்தார். வேலை போன உள்ளூர்க்காரர்கள் பலர் பிழைப்புத் தேடிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கல்லூரி நண்பர்கள் மூவரோடு அதிராம்பட்டினத்தில் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அலையாத்திக் காட்டைப் பார்ப்பதுதான் திட்டம். படகோட்டியின் முகம் எங்கள் வயலில் பார்த்த முகம் போலிருந்தது. அவர் இடுப்பில் அரிவாள் வேறு.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"பேராவூரணி" என்று தென்னந்தோப்பு ஊர் ஒன்றைச் சொல்லிப் புளுகினேன்.

"தேங்காயெல்லாம் எப்படி?"

"இப்பதான் அறுவடை முடிஞ்சுது."

அவர் லேசாகச் சிரித்தார். நான் துடுப்பு கிடந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

காடு இருபுறமும் நெருங்கிய இடத்தில் படகை நிறுத்தி, அரிவாளை உருவினார். நான் துடுப்பை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். அவரோ குனிந்து, சுக்கானில் சிக்கியிருந்த வலைக்கயிற்றை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேங்காய வெட்டுனோம்னு சொல்லுவாங்க தம்பி. அறுவடைங்கிறது நம்ம நெல்லுக்காரங்க பேச்சு. நீங்க யாரு புள்ளன்னு ஏறும்போதே தெரியும். அதைக் கீழ வைங்க, கை வலிக்கும்."

தெரிந்தேதான் அவர் எங்களை ஏற்றியிருக்கிறார். அது புரிந்த பிறகும், கரை கண்ணில் படும்வரை நான் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. இன்றும் உறுத்துவது அதுதான்.