பெயர் போடாத ஜெப விண்ணப்பம்

எங்கள் சபையில் யாரைப் பற்றியும் புறம்பேசக் கூடாது. ஆனால் ஜெப விண்ணப்பம் என்று எழுதிக் கொடுத்தால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அதைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக மைக்கில் வாசிப்பார். "குடியில் விழுந்துபோன ஒரு சகோதரனுக்காக" என்பார். எந்தச் சகோதரன் என்று தெரியாதா என்ன? சென்னீர்குப்பத்தில் நாங்கள் மொத்தமே அறுபது குடும்பம். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் நானும் ஒரு சீட்டு போட்டவள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பி செமினரியில் மூன்றாம் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தான். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. எங்கள் சபையிலிருந்து ஊழியத்துக்குப் படிக்கப் போன முதல் பிள்ளை அவன். அப்பா சாகும்போது கேட்டதும் அது ஒன்றைத்தான். அவர் வாலிபத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்டு சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டு வந்தவர். மந்திரம், தாயத்து என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். என் வளர்ப்பு அப்படி.

முன்பெல்லாம் லீவுக்கு வந்தால் தம்பி விடியற்காலையில் ஜெபிக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் காதில் விழாது. இந்தத் தடவை வீடே அமைதியாக இருந்தது. நான்காம் நாள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். தண்ணீர் டேங்க் ஓரமாகச் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சை இழுக்கும்போது உதடு லேசாக அசைந்தது. வாளியை வேண்டுமென்றே தடாலென்று வைத்தேன். கண் திறக்கவில்லை.

கீழே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னடா பண்ற மேல?"

"மௌன ஜெபம்க்கா. காலேஜ்ல ஒரு சார் சொல்லிக்கொடுத்தார். மூச்சோட சேர்த்து ஆண்டவர் பேரைச் சொல்லிட்டே இருக்கணும். அப்புறம் அதுவும் நின்னுடும். சும்மா அவர் முன்னாடி உக்காந்திருப்போம்."

"சும்மா உக்காரவா உன்னப் படிக்க அனுப்பினோம்?"

சிரித்தான். "நானும் அந்த சார்கிட்ட இதையேதான் கேட்டேன்."

அதோடு போயிருக்கும். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா மாடிச் சுவருக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டார். இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர்வைத்த குடும்பம், தங்கமான மனுஷி. "இன்னாம்மா, உன் தம்பி தியானம்லாம் பண்ணிகினு கீது போல. எங்க யோகா மன்றத்துலயும் இதையேதான் சொல்லித் தராங்கோ. நல்ல புள்ள."

மனதாரப் பாராட்டினார். அப்பா எதை விட்டு வந்தாரோ, செமினரி வழியாகவே தம்பி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டானோ என்று அன்றெல்லாம் வேலை ஓடவில்லை. அவனை உட்காரவைத்து இன்னொரு தடவை பேசியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை எப்போது இருந்தது? சீட்டு எழுதினேன். "செமினரியில் படிக்கும் ஒரு தம்பி மூச்சுத் தியானத்தில் சிக்கியிருக்கிறார். விடுதலைக்காக ஜெபிக்கவும்." பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் காட்டிக்கொடுத்ததாக ஆகாது என்று நினைத்த என் அறிவைச் செருப்பால் அடிக்க வேண்டும். செமினரியில் படிப்பவன் எங்கள் சபையில் ஒரே ஒருவன்.

வெள்ளிக்கிழமை ஆவடியில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தான். போகவில்லை, என்னோடு சபைக்கு வந்துவிட்டான். பாஸ்டர் சீட்டை வாசித்ததும் எல்லாரும் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். நான் ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். தம்பி முழங்காலில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, பழைய மாதிரி சத்தமாக, கண்ணீர் வடிய அந்தத் தம்பிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தான். தான் செய்வது அவனுக்கு ஜெபம். மூச்சுத் தியானம் என்றதும் அது வேறு ஊர் செமினரிப் பையன் யாரோ என்று நினைத்திருக்கிறான். பின்னாலிருந்து ஒரு சபை மூப்பர் வந்து அவன் தலையில் கை வைத்தார். இன்னொருவர் தோளில் வைத்தார். அவன் சத்தம் அப்படியே நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி அவனைக் கூப்பிட்டது. இனி அப்படிச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். "ஐயா, நான் இயேசுவோட பேரைத்தான் சொல்றேன். அதை விட்டுட்டேன்னு எப்படி எழுதித் தர்றது?" என்று கேட்டிருக்கிறான். கடைசி வருஷத்துக்குச் சபையின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கமிட்டி அதை அனுப்பவில்லை, படிப்பு அதோடு நின்றது. பாஸ்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "அந்தக் காலேஜ்காரங்க நம்ம புள்ளைய எங்கயோ கொண்டுபோய் விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கும்மா" என்று என்னிடம் அழுதார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அந்த ஜெபம் சரியா தப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது அவன் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறான். ஞாயிறு ஆராதனைக்கு என்னோடு வருவான், கடைசி வரிசையில் உட்காருவான். மாடிக்குப் போவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தச் சீட்டு எழுதினது நான்தான்டா."

"தெரியும்க்கா. மாடிக்கு நீதானே வந்த."

திட்டுவான் என்று காத்திருந்தேன். குழம்பு ஊற்றச் சொன்னான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"இப்ப ஜெபம் பண்றியாடா?" என்று கேட்டேன். "எப்படியோ ஒண்ணு. உனக்குப் பிடிச்ச மாதிரியே பண்ணு, நான் எதுவும் கேக்கமாட்டேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"சத்தமா ஆரம்பிச்சா நீ கேக்கணும்னு பண்ற மாதிரி இருக்குக்கா. சும்மா கண்ண மூடினா, யாரோ வந்து தலையில கை வைக்கப் போறாங்கன்னு இருக்கு. அதான், விட்டுட்டேன்."

மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவ எழுந்து போனான்.