பின்சீட்டு ஈரம்

எங்கள் காருக்குள் மழை பெய்யும் என்று சொன்னபோது பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் ராஜபாளையத்தில் பெய்கிற மழையில் ஒரு பங்கு எங்கள் வெள்ளைக் காரின் பின்சீட்டுக்குக் கீழே வந்து தேங்கிவிடும். கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை அடிக்கும். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய அப்பா, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிச் சலித்த அந்தக் காரை ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். அதை யாராவது குறை சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

அத்தையைப் பெண் பார்க்க வந்த நாள்வரை இந்த ஈரம் எங்களுக்குச் சிரிப்புச் சமாசாரமாகத்தான் இருந்தது. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். வயது ஏறிக்கொண்டே போகிறது என்று வருகிறவர் போகிறவரெல்லாம் எங்களுக்கு ஞாபகப்படுத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டாரை ரயில் நிலையத்திலிருந்து அப்பா காரில் அழைத்து வந்தார். முந்தின நாள் நல்ல மழை. மாப்பிள்ளையின் அம்மா இறங்கும்போது பட்டுப்புடவை கரையிலிருந்து முழங்கால்வரை நனைந்து, சாயம் காலில் வழிந்தது. சிரித்த முகமாகவே கேசரி சாப்பிட்டுப் போனார்கள். பிறகு தரகரிடம், கால் வைத்த இடமே ஈரமாக இருந்தது, சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அத்தை வழக்கம்போல் அடுத்த சனிக்கிழமையும் அப்பாவோடு காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினாள். கல்யாணம் கூடிவர ஆண்டாளுக்கு மாலை சாற்றி, அங்கே கொடுக்கும் துளசியும் பூவும் கட்டிய மாலையை வாங்கி வருவாள். சாமி மாலையைக் கால் படும் இடத்தில் போடக்கூடாது என்பதால், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெளியே இருக்கும் வைப்பரில் சுற்றிவிடுவாள். அடுத்த வாரம் புது மாலை வரும்வரை அது வெயிலில் காய்ந்து நொறுங்கியபடி அங்கேயே கிடக்கும். அப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. பழைய வண்டிக்கு அதனால் ஒரு கல்யாணக் களை இருந்தது.

அடுத்த மாப்பிள்ளை வீட்டார் மகாராஜபுரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்டிருந்தார்கள். ஆனால் அன்று பார்த்து வெயில் அடித்தது. அப்பா காரை முற்றத்தில் நிறுத்தி, மேட், கார்ப்பெட் எல்லாவற்றையும் உரித்துப்போட்டார். தரைத் தகட்டைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, செய்தித்தாள் விரித்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரிந்துவிடுமாம்.

முதல் சந்தேகம் பின்கதவு ரப்பர்மேல். அதன்மீது சாக்பீஸைத் தேய்த்துக் கதவை அழுத்திச் சாத்தித் திறந்தார். எதிர்ப்பக்கத் தகட்டில் வெள்ளைக்கோடு எங்கும் விடாமல் பதிந்திருந்தது. அப்படியென்றால் ரப்பர் நன்றாகக் கவ்வுகிறது, குற்றவாளி வேறு ஆள். அப்பா தன் செல்போன் டார்ச்சோடு என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவுகளைச் சாத்தினார். ரப்பர் குழாயைக் கீழேயிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும்.

கதவில் பிடித்தார், ஒன்றுமில்லை. பின்கண்ணாடியில் பிடித்தார், அப்போதும் ஒன்றுமில்லை. முன்கண்ணாடிக்கு வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. செத்த நேரம் கழித்து டேஷ்போர்டுக்கு அடியில் களக் என்று ஒரு சத்தம். தலையைக் கீழே நுழைத்து டார்ச் அடித்தேன். காற்று வருகிற குழாயின் வாயிலிருந்து தண்ணீர் இறங்கி, தகட்டின் சரிவில் ஓடி, நேராகப் பின்சீட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. முன்னால் நுழைந்து பின்னால் குடியிருந்திருக்கிறது. நான் கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன்.

அப்பா முன்கண்ணாடிக்குக் கீழிருந்த சல்லடை மூடியைக் கழற்றினார். அங்கே விழும் மழைத் தண்ணீர் ஓரத்து ஓட்டை வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். அந்த ஓட்டை கறுப்புச் சேற்றால் அடைத்துக் கிடந்தது. அப்பாவின் கை நுழையவில்லை. நான் விரலை விட்டு இழுத்தேன். மக்கிய துளசியும் பூக்காம்புகளுமாகக் கையோடு வந்தன. இன்னும் இழுத்தால் வாழைநார் முடிச்சு முடிச்சாக வந்துகொண்டே இருந்தது. சேற்றில் ஒரு துளசி முளைகூட விட்டிருந்தது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நாரை உயரத் தூக்கிக்காட்டி எல்லோரையும் கூப்பிட்டேன்.

அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு வாசல்பக்கம், அந்தப் பட்டுப்புடவைக்காரி இறங்கிய இடத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?" என்று கேட்டாள்.

"வேப்பிலதாம்ட்டி," என்றார் அப்பா. "காத்துக்குப் பறந்து வந்து அடைச்சிருக்கு."

எங்கள் தெருவில் வேப்பமரமே கிடையாது. நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையிலிருந்த நாரைப் பிடுங்கி வாளிக்குள் அமுக்கிவிட்டு, என்னைக் கை கழுவச் சொன்னார்.

மறுநாள் கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்றாள் அத்தை. அப்பா காரைக் கிளப்பி, அவள் வெளியே வரும்வரை ஹாரனை விடாமல் அடித்தார். தரிசனம் முடிந்து வந்ததும் அத்தை மாலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் என்னருகே உட்கார்ந்தாள். அப்பா அதைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த கண்ணாடியில் தொங்கவிட்டார்.

"இனிமே இது உள்ளயே கெடக்கட்டும்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடைச்சது வேப்பிலதானப்பா? பொறவு மாலைய எதுக்கு உள்ள போடுதிய?"

"ஏட்டி, பேசாம வா."

ஒவ்வொரு இடமாக அத்தனை பொறுமையாகச் சோதித்தவர், விடை கைக்கு வந்த நேரத்தில் இப்படித் தப்பாக எழுதிவிட்டாரே என்று அவர்மேல் கோபமாக இருந்தது. வெளியே தூறல் பிடித்தது. அத்தை ஜன்னல்பக்கமாகத் திரும்பியிருந்தாள். அவள் கன்னத்தில் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ஓட்டை பாக்கியிருக்கிறது என்று எனக்கு உடனே தோன்றியது. அவள் மடிமேல் ஏறி, அந்த ஜன்னல் ரப்பரை மூலையிலிருந்து மூலைவரை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தேன். எங்குமே ஈரம் இல்லை.