என் பாதங்களை ஒளித்து வைத்தேன்

என் கணவர் செய்யாத குற்றத்தை ஏழு ஆண்டுகள் அவர் தலையில் சுமத்தி வைத்திருந்தேன். அவர்மேல் பிழையில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

அப்பாடா... சொல்லிவிட்டேன்! இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய்த் தேநீர் ஊற்றினேன்.

கேளுங்கள். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஊர்க் கோயிலில் தேர். உச்சி வெயிலில், அவளையும் வெறுங்காலோடு கையில் பிடித்து, கோயிலின் மணல் வீதியைச் சுற்றிக் கூட்டி வந்தார் அவர். மடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தால், பிள்ளையின் உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம்!

"பிள்ளையின்ரை காலைச் சுட்டுப்போட்டியளே! நீங்களும் ஒரு தேப்பனோ?" என்று கத்தினேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. அவருடைய அக்கா, என் மச்சாள், எழுந்து வந்து பிள்ளையை அவர் மடியிலிருந்து பறித்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் கொப்புளங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்து என் காலிலும் அவைதானே வருகின்றன! வெக்கையில் கொஞ்சத் தூரம் நடந்தால் போதும். எனக்குக் கலியாணம் பேசியபோது அம்மா சொன்னார்: "வாய் திறவாதை. பரம்பரை வருத்தமெண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் வரமாட்டினம்."

திறக்கவில்லை. குளியலறையைப் பூட்டிக்கொண்டு ஊசியால் குத்தி நீரை எடுப்பேன். நொண்டினால், செருப்புக் கடித்தது என்பேன். நம்பினார்... எதையும் நம்புகிற மனிதர்!

மகளுக்குக் கொப்புளங்கள் நிற்கவில்லை. ஓடி விளையாடினால் வரும். வெயில் காலம் முழுக்க வரும். அன்றைய சூடு உள்ளே இறங்கிவிட்டது என்றது ஊர். அவரும் அதையே நம்பினார். மேசன் வேலைக்குப் போகுமுன் அவளைச் சைக்கிளில் ஏற்றி வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் இறக்குவார். அதற்குப் பிறகு ஒரு திருவிழாவுக்கும் அவர் போனதில்லை.

எல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! ஏன் பேசவில்லை? பயமா? வெட்கமா? இல்லை... பழி அவரிடம் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

போன மாதம் தோல் கிளினிக்குக்குப் போனோம். கொழும்புக்கு அனுப்பிய பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. டொக்டர் ஓர் இளம் பெண். கடதாசியில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறினார்.

"இது தோலிலை இருக்கிற ஒரு கலம், செல் எண்டு சொல்லுறது. உள்ளுக்கை இருக்கிறது கெரற்றின் எண்ட புரத இழையள். இதுகள்தான் கலத்தை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருக்கிறது. உங்கடை பிள்ளைக்கு இது சரியாப் பின்னுப்படேல்லை. உரஞ்சினால் கலம் உடைஞ்சு நீர் கோக்குது."

"கம்பி ஒழுங்காக் கட்டாத கொங்கிறீற் மாதிரியோ டொக்டர்?" என்று கேட்டார் அவர்.

"ஓம், அதேதான்! குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருக்கோ?"

"இல்லை டொக்டர். நான்தான் பிள்ளையைச் சுடுமணலிலை நடத்தினனான்."

இதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன பிறவி! செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கி, இரண்டு காலையும் தூக்கிக் காட்டினேன். "எனக்கு இருக்கு, டொக்டர்."

டொக்டர் குனிந்து பார்த்தார். "இதுதான். பிறப்பிலையே வாறது. அப்பாவிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது! ஒளிக்க இனி ஒன்றுமில்லை... நெஞ்சுக்குள் அத்தனை இடம் எங்கிருந்து வந்ததோ!

மகள் என் காலையும் தன் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கும் என்னைப் போலையே!" என்று துள்ளினாள். இப்போது இருவரும் முற்றத்தில் ஒரே வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு ஊர்க்கதை கதைக்கிறோம்.

அவர்? அன்று பேருந்தில் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்கு மடத்திலை என்னைப் பேசேக்கை, உமக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. எங்கள் தரிப்பிடத்தில் இறங்கும்போது மட்டும், மகளுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்: "அக்காவுக்கும் ஒருக்கால் சொல்லிவிடும். அவ இன்னும் தன்ரை பேரப்பிள்ளையை என்னட்டைத் தூக்கத் தாறேல்லை."

மச்சாள் வீடு காங்கேசன்துறையில். அரை மணித்தியாலப் பயணம். உங்களிடம் இத்தனையும் கொட்டிவிட்டேன்... அங்கே இன்னும் போகவில்லை.